எழுதிய வரிசையும் தெரிகிற வரிசையும்

முதல் வரி முதலில் நடக்கும், அடுத்த வரி பிறகு நடக்கும் என்று நம்பித்தான் எவரும் நிரல் எழுதுகிறார்கள். இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களுக்கு அந்த நம்பிக்கை கட்டுப்படியாகாது. பல கோர்கள் உள்ள பிராசசரில் ஒரு கோர் எழுதும் மதிப்பு ஸ்டோர் பஃபர் என்ற சிறு இடத்தில் சற்றுக் காத்திருந்த பிறகே மற்ற கோர்களுக்குத் தெரியும். சிட்டாவில் உடனே குறித்துவிட்டுப் பேரேட்டில் பிறகு ஏற்றும் கணக்குப்பிள்ளையைப் போலத்தான்; சிட்டா அவர் கையில் இருப்பதால் அவருக்குக் குழப்பமில்லை, பேரேட்டைப் பார்க்கிறவருக்குத்தான் கணக்கு இடிக்கும். ஒரு கோர் தரவை எழுதிவிட்டு, ‘தயார்’ என்ற கொடியை 1 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஆர்எம், பவர் வகைப் பிராசசர்களில், கொடி 1 ஆனதைப் பார்த்த இன்னொரு கோருக்குப் பழைய தரவே கிடைக்கலாம். போதாக்குறைக்கு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் வேகத்துக்காக வரிகளை இடம் மாற்றும். இதைத் தடுப்பதே மெமரி பேரியர்: இதற்கு முன் எழுதியது தெரிந்த பிறகே பின் எழுதியது தெரியவேண்டும் என்ற கட்டளை. எழுதும் பக்கம் மட்டும் போட்டால் போதாது. படிக்கும் பக்கமும் அதற்கு இணை வேண்டும்.

இத்தனை நுட்பமான கருவியை நேரடியாகக் கையாள்வது கடைசி வழியாகவே இருக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் தரவைத் தொடவிடும் லாக்கைத்தான் முதலில் நாடவேண்டும். ‘சோதித்தோம், ஓடுகிறது’ என்பது இங்கே சான்றாகாது. கொடி உதாரணம் இன்டெல் வகைப் பிராசசரில் வன்பொருளால் தவறாது; அதே நிரல் ஏஆர்எம் பிராசசர் உள்ள கைபேசிக்குப் போனால் என்றோ ஒருநாள் தவறலாம். இன்டெல்லும் முழு உத்தரவாதம் தருவதில்லை. இரு கோர்கள் ஆளுக்கொரு கொடியை உயர்த்திவிட்டு மற்றதன் கொடியைப் பார்த்தால், இரண்டுக்குமே எதிராளியின் கொடி தாழ்ந்திருப்பதாகத் தெரியலாம். நெதர்லாந்துக் கணிதவியலாளர் டெக்கரின் பெயரால் வழங்கும், இருவர் ஒரே நேரத்தில் நுழையாமல் தடுக்கும் பழைய முறை இந்தச் சோதனையை நம்பியதுதான்; பேரியர் இல்லாமல் அது இன்று செல்லாது. எது சரி என்பதில் வல்லுநர்களுக்கே ஐயம் எழுந்ததால்தான், 2018இல் லினக்ஸ் தன் நினைவக விதிகளைக் கணினியே சரிபார்க்கக்கூடிய முறையான வடிவில் கெர்னலோடு சேர்த்தது.

லாக் என்றால் மந்தம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1996இல் வந்த லினக்ஸ் 2.0, கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய லாக் வைத்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் உள்ளே வேலை செய்யலாம். அந்தப் பெரிய லாக் முற்றிலும் நீங்க 2011 ஆனது. ஆனால் அதன் இடத்தை நிரப்பியவை பெரும்பாலும் சின்னச் சின்ன லாக்குகளே, வெறும் பேரியர்கள் அல்ல. லாக்கே இல்லாமல் படிக்க உதவும் ஆர்சியூ என்ற முறை 2002இல் சேர்ந்தது: எழுதுகிறவர் புதுப் பிரதியை உருவாக்கி, தரவு இருக்குமிடத்தைக் காட்டும் சுட்டியை அதற்கு மாற்றுவார், பழையதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் முடித்த பிறகே அது அழியும். இங்கும் பேரியர் உண்டு, ஆனால் சுட்டியை மாற்றும் பொதுக் கட்டளைக்குள் ஒளிந்திருக்கிறது. லாக்குக்குள்ளும் அப்படியே. பிராசசரே எப்போதும் வரிசை காக்கக்கூடாதா என்ற கேள்விக்கு ஆப்பிளின் எம்1 சிப் ஒரு பதில்: இன்டெல்லுக்காக எழுதிய நிரல்களை ஓட்டும்போது மட்டும் அது கடுமையான வரிசைக்கு மாறுகிறது, தனக்கென எழுதியவற்றுக்குத் தளர்வாகவே இருக்கிறது. கறாராக இருப்பதற்கு விலை இல்லையென்றால் இரண்டு முறைகள் எதற்கு? வெறும் பேரியரைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் கெர்னலில் உண்டு. அங்கே ஏன் அது தேவை என்று பக்கத்தில் குறிப்பு எழுதாவிட்டால், மாற்றங்களைச் சரிபார்க்கும் லினக்ஸின் நிரலே எச்சரிக்கை தருகிறது.