அமெரிக்க போனுக்குள் ஒட்டியிருந்த தகடு: 16 ஆயிரம் ரூபாய் கொடுத்த குமாஸ்தா தவிப்பு!

"அமெரிக்கா சரக்கு சார், கீறல்கூட கிடையாது" என்று சொல்லி விற்கப்படும் பழைய செல்போன்களை வாங்கி, நம் ஊர் சிம் வேலை செய்யாமல் முழிக்கிறவர்கள் சென்னையில் பலர். அவர்களில் ஒருவரை நிருபர் பாரிமுனையில் சந்தித்தார்.

அவர் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. தினமும் தாம்பரத்தில் இருந்து மின்சார ரெயிலில் வருகிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். "வீட்டுக்குத் தெரியாம எடுத்த சீட்டுப் பணம் சார்" என்றார். 20 ஆயிரம் ரூபாய் சீட்டு. 4 ஆயிரம் தள்ளி எடுத்ததில் கையில் வந்தது 16 ஆயிரம். காலேஜில் சேர்ந்த மகளுக்கு ஆப்பிள் போன் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பணத்தை அப்படியே ஒரு கடையில் கொடுத்து, பழைய ஐபோன் ஒன்றை வாங்கினார்.

2 நாள் சந்தோஷம்

கடையிலேயே சிம் போட்டுக் காட்டினார்கள். டவர் வந்தது. வீட்டில் ஒரே குதூகலம். அந்தப் பெண் 2 நாள் போனைக் கீழே வைக்கவில்லை.

3-வது நாள் போன் "அப்டேட்" கேட்டது. பெண்ணும் சரி என்று அமுக்கினாள். போன் அணைந்து திரும்ப உயிர் வந்தபோது டவரைக் காணோம். "இந்த சிம் செல்லாது" என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. சிம்மைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருந்தது. தாள் மாதிரி இருந்தாலும் அதற்குள் ஒரு சில்லு உண்டு. தொழிலில் இதற்கு "ஆர்-சிம்" என்று பெயர். பூட்டுப் போட்ட போனை ஏமாற்றி, அமெரிக்க கம்பெனி சிம்தான் உள்ளே இருக்கிறது என்று நம்ப வைப்பது இதன் வேலை. கம்பெனி புது மென்பொருளை அனுப்பினால் இந்தத் தில்லுமுல்லு பெரும்பாலும் செத்துப்போகும்.

நிருபர் அவருடன் கடைக்குப் போனார். கடைப் பையன் அசரவில்லை.

"சார், நான் சிம் போட்டுக் காட்டினேனா இல்லையா? டவர் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு தம்பி. இப்ப போச்சே!"

"உங்கள யாரு அப்டேட் பண்ணச் சொன்னது?"

கடைசியில் 7 ஆயிரத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். குமாஸ்தா பதில் பேசாமல் இறங்கி வந்துவிட்டார். பில் இருக்கிறதா என்று கேட்டோம். சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "16,000" என்று எழுதியிருந்தது. கடை பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, தேதிகூட இல்லை! நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற நம்பர் இருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது. ஆனால் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

பூட்டு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் போனை டெலிபோன் கம்பெனியிடமே மாதத் தவணையில் வாங்குகிறார்கள். பாக்கி வைத்துவிட்டு வேறு கம்பெனிக்கு ஓடாமல் இருக்க, கம்பெனிக்காரன் தன் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டி விடுகிறான். ஐபோனில் இந்தப் பூட்டு கம்பெனி கணக்கில் போனின் ஐ.எம்.இ.ஐ. நம்பரோடு பதிவாகி இருக்கும். இங்கே போனை எத்தனை தடவை அழித்துப் புதிதாக்கினாலும் போகாது. பாக்கி தீர்ந்து, கம்பெனியே மனது வைத்துத் திறந்தால்தான் உண்டு.

கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய போன் விற்கக்கூடாது என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பு விற்ற பழைய போன்கள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

நம் ஊரும் பூட்டைப் பார்க்காத ஊர் அல்ல. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கொடுத்த போனில் வேறு கம்பெனிக்கு மாற வழியே கிடையாது. 2008-ல் ஏர்டெல்லும் வோடபோனும் 31 ஆயிரம் ரூபாய்க்குக் கொண்டு வந்த ஐபோனுக்கும் பூட்டு உண்டு. 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோன் ஜியோ சிம்மில் மட்டும்தான் பேசும். ஆனால் இன்று கடையில் முழுப் பணம் கொடுத்து வாங்கும் புது ஸ்மார்ட்போன்களுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் கை மாறி வருகிற வெளிநாட்டு சரக்கில்தான்.

ஐபோன் என்றால் செட்டிங்சில் ஜெனரல், அதற்குள் அபவுட் என்று போனால் "கேரியர் லாக்" என்று ஒரு வரி இருக்கும். "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று காட்டினால் பூட்டு இல்லை. பணத்தை எண்ணுவதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சிம் போட்டுக் காட்டினால், சிம் தட்டை உங்கள் கையால் இழுத்துப் பாருங்கள். தட்டே இல்லாத போனும் உண்டு! 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் செருக இடம் கிடையாது. ஈ-சிம் மட்டும்தான். மச்சான் ஊரில் இருந்து கொண்டு வருகிறார் என்றால் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

திருட்டு போனா என்பது தனிக் கேள்வி. *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரியும். பூட்டு இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அடுத்த அடி

குமாஸ்தா கதை இன்னும் முடியவில்லை. மகள் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல், ஆபீசில் அட்வான்ஸ் வாங்கி, 9 ஆயிரத்துக்குப் புது ஆண்ட்ராய்டு போன் எடுத்தார். இந்தத் தடவை பில்லோடு! தினம் 1.5 ஜி.பி. டேட்டா தரும் 28 நாள் ரீசார்ஜும் போட்டார். முதல் நாள் சாயங்காலம் 7 மணிக்கே டேட்டா காலி. "பாப்பா ஒரு படம்கூட பார்க்கல சார்" என்கிறார்.

பாப்பா பார்க்கவில்லைதான். போனே தின்றுவிட்டது. புது போனைத் திறந்ததும் அதில் உள்ள ஆப்கள் எல்லாம் புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பும். போனின் சொந்த மென்பொருள் வேறு ஜி.பி. கணக்கில் இறங்கும். வாட்ஸ்அப்பில் 10 குரூப் இருந்தால், கேட்காமலே படங்கள் வந்து விழும். அப்டேட்டை வைபையில் மட்டும் என்று மாற்றி, வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்தி, டேட்டா சேவரைப் போட்டால் அளவு நிற்கும். விற்கும்போது எந்தக் கடையிலும் இதைச் சொல்வது கிடையாது.

அளவு தீர்ந்தால் நெட் நிற்காது, வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 64-ஐ 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு 8 கிலோபைட். 3 எம்.பி. போட்டோ ஒன்று வர 6 நிமிஷத்துக்கு மேல் ஆகும். இதுவும் நெட்தானாம்! மிச்சம் பிடித்தாலும் பெரும்பாலான பிளான்களில் நள்ளிரவு 12 மணிக்கு அது போய்விடும்.

28 நாள் ஒரு மாசம் என்று வைத்தால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் செல்லும் பிளான் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்க போன் இப்போது அவர் வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. காலையில் அலாரம் அடிக்கிறதாம். "சீட்டு இன்னும் 11 மாசம் கட்டணும் சார்" என்று சொல்லிவிட்டு, தாம்பரம் வண்டியைப் பிடிக்க ஓடினார்.