ஒற்றை வரி ரசீதும் வருமான வரியும்

ஈப்போவில் உணவகம் நடத்தும் என் மாமா சென்ற ஆண்டு கடையைப் புதுப்பித்தார். "கணக்கியல் படிக்கிறியே, இதப் பாரும்மா" என்று குத்தகைக்காரர் கொடுத்த ரசீதை நீட்டினார். அதில் இருந்தது ஒரே வரி: "கடை புதுப்பிப்பு, 80,000 ரிங்கிட்."

"காசு குடுத்தாச்சு, ரசீது இருக்கு. வேற என்ன வேணும்?" என்றார். அந்த ஒரே வரிதான் சிக்கல் என்றேன்.

நமது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, சாதாரணக் கடைக் கட்டடத்தின் சுவருக்கும் கூரைக்கும் மூலதனக் கழிவு கிடையாது. தொழிற்சாலை போன்ற சில கட்டடங்களுக்கு மட்டுமே அது உண்டு. ஆனால், வணிகத்தில் பயன்படும் இயந்திரத்துக்கு முதலாண்டில் தொடக்கக் கழிவாக 20 விழுக்காடும், ஆண்டுக் கழிவாக 14 விழுக்காடும் பொதுவாகக் கிடைக்கும். மேசை நாற்காலிக்கு ஆண்டுக் கழிவு 10 விழுக்காடு. ஆகவே, மொத்தச் செலவில் எது கட்டடம், எது இயந்திரம் என்று பிரித்தாக வேண்டும். இதைத்தான் அமெரிக்காவில் 'காஸ்ட் செக்ரிகேஷன்' ஆய்வு என்கிறார்கள்.

தோட்டக் கணக்கில் இந்தப் பிரிப்பு புதிதல்ல. இன்றைய சட்ட அட்டவணையில் தோட்டச் சாலைக்கு ஆண்டுக்கு 50 விழுக்காடு, தொழிலாளர் குடியிருப்புக்கு 20, மற்றக் கட்டடங்களுக்கு 10. அதாவது ஒரு லயத்து வீடு வரிக் கணக்கில் 5 ஆண்டில் முடிந்துவிடும். சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டிய என் பாட்டி அப்படியொரு வீட்டில் 30 ஆண்டு வாழ்ந்தார். வரிக் கணக்கின் ஆயுள் வேறு, வீட்டின் ஆயுள் வேறு.

எதை இயந்திரத் தொகுதி, அதாவது 'பிளாண்ட்' என்பது? 1887இல் இங்கிலாந்தின் யார்மத் எதிர் பிரான்ஸ் வழக்கில் வண்டிக் குதிரையே 'பிளாண்ட்' எனப்பட்டது. முதலாளி அதைக் கொண்டுதான் தொழில் நடத்தினார். நம் நாட்டில் டிரோப்பிலேண்ட் வழக்கில் பல மாடிக் கார் நிறுத்துமிடமும் அப்படியே ஏற்கப்பட்டது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2021 மதிப்பீட்டு ஆண்டு முதல் கட்டடமும், வணிகம் நடக்கும் இடமாக மட்டும் பயன்படுவதும் விலக்கப்பட்டன.

நல்ல ஆய்வுக்கு அடையாளம் இதுதான்: ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது என்று நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் கொடுத்த மொத்தத் தொகை வர வேண்டும். ஆவணங்களை 7 ஆண்டு காக்க வேண்டும். "பாதி இயந்திரம்னு போட்டுக்கலாம்" என்று குத்துமதிப்பாகச் சொல்வது ஆய்வாகாது.

மாமா குத்தகைக்காரரிடம் திரும்பப் போய்ப் பட்டியல் வாங்கி வந்தார். குளிரறை, புகைபோக்கி இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 26,000 ரிங்கிட். முதலாண்டிலேயே 8,840 ரிங்கிட்டை வணிக வருமானத்தில் கழிக்கலாம். புதிய அலங்காரக் கூரையையும் சேர்க்கச் சொன்னார். "அது சமைக்காது மாமா" என்றேன். சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது கடை புதுப்பிக்கலாம். வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள்: ரசீதில் ஒரு வரி போதாது.