அடமானக் கடனும் புறக்கடைத் தோட்டமும்

1929-ஆம் ஆண்டில் சென்னையில் மத்திய நில அடமான பாங்கி ஏற்பட்டதன் நோக்கம், குடியானவர் தம் பழங்கடனைத் தீர்த்து, நிலத்தின் வரும்படியிலிருந்தே நெடுந்தவணையில் ஈட்டை மீட்க வேண்டுமென்பதே. அவ்வகைக் கடனில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. நூற்றுக்கு 6 வட்டியில் ரூ. 1,00,000 கடனை 20 சம வருடத் தவணைகளில் தீர்ப்பதாயின், தவணை ஏறக்குறைய ரூ. 8,718 ஆகும். முதல் தவணையில் ரூ. 6,000 வட்டிக்கே போய்விடும். அசலிற் கழிவது ரூ. 2,718 மாத்திரமே. ஆண்டுதோறும் ரூ. 2,000 அதிகமாகச் செலுத்துவோருக்கோ 14 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அக்கடன் தீர்ந்துவிடும். உபரித்தொகையை அசலிலேயே வரவு வைக்கும்படி கேட்டு ரசீது பெறுதல் அவசியம்.

அந்த இரண்டாயிரம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் புறக்கடையிலிருந்தே. குளிக்கும் நீர் பாயுமிடத்தில் நான்கு வாழை, வேலியோரம் முருங்கையும் அகத்தியும், ஆடிப்பட்டத்தில் விதைத்த அவரை, கூரைமேற் சுரைக்கொடி இவையுள்ள வீட்டில் சந்தைச் செலவு தானே சுருங்கும். அகத்தித் தழை மாட்டிற்கும் ஆகும். சாணத்தை வறட்டியாக்காது குழியில் மட்கவிடின் எருச்செலவும் குறையும். இதனைக் கஞ்சத்தனமென்போர், கலியாணச் செலவிற்காக மீட்ட நிலத்தையே மறுபடி ஈடுவைத்துக் கடைசியில் ஏலத்தில் இழந்த குடும்பங்களை அறியாதவர்.

சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்த வாரத்திலேயே தவணையைக் கட்டிவிடுதல் நலம். கடன் தீர்ந்ததும் ரத்துப் பத்திரம் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஏறியுள்ளதாவென்று பார்த்துக்கொள்ளவேண்டும்.