செம்பு, மரம், கல்: கேத்தே கொல்விட்ஸின் கலை

ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் (1867–1945) ஓவியராக விரும்பிப் பயின்றவர். வண்ணத்தை விட்டு அச்சோவியத்துக்கு வந்தார். பிறகு சிற்பத்தையும் கைக்கொண்டார். சொல்ல வந்த பொருளை எந்தக் கருவி தாங்கும் என்ற தேடலே இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்தது.

அவர் பிறந்த ஊர் கோனிக்ஸ்பெர்க். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராத். அன்றைய பெர்லின், மியூனிக் கலைக்கழகங்களில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். அதனால் பெண்களுக்கெனத் தனியே நடந்த பள்ளிகளில் படித்தார். மாக்ஸ் கிளிங்கர் எழுதிய சிறுநூல் ஒன்று அவருக்குத் திருப்பமாக அமைந்தது. வாழ்வின் இருண்ட பக்கத்தைச் சொல்ல வண்ண ஓவியத்தைவிடக் கறுப்பு வெள்ளைக் கோடே ஏற்றது என்பது அதன் வாதம். 1891இல் மருத்துவர் கார்ல் கொல்விட்ஸை மணந்து பெர்லினின் தொழிலாளர் பகுதியில் குடியேறியபோது, அந்த இருண்ட பக்கம் கணவரின் நோயாளிகள் வடிவில் வீட்டு வாசலுக்கே வந்தது. அச்சோவியத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம் என்பதால், பணக்காரர் அல்லாதவரும் வாங்க முடியும்.

1893இல் ஹாப்ட்மானின் ‘நெசவாளர்கள்’ நாடகத்தைப் பார்த்தார். சைலீசிய நெசவாளர்களின் 1844ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிய நாடகம் அது. கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அதே கிளர்ச்சியை ஆறு படங்களாக்கத் தொடங்கினார். மூன்று கல்லச்சுகள், மூன்று செப்புத்தகட்டு அச்சுகள். செப்புத்தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட வேண்டும். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். இந்த நுட்பம் அப்போது அவருக்கு முழுதாகக் கைவரவில்லை. அதனால்தான் பாதித் தொடர் கல்லச்சில் அமைந்தது. 1898இல் பெர்லின் கண்காட்சியில் அதற்குத் தங்கப்பதக்கம் பரிந்துரைக்கப்பட்டது; பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஒப்புதல் தரவில்லை. மறு ஆண்டே டிரெஸ்டன் நகரம் பதக்கம் தந்தது. 1908இல் ‘விவசாயிகள் போர்’ என்ற ஏழு படத் தொடரை முடித்தபோது, செப்புத்தகடு அவர் சொன்னபடி கேட்டது.

1914 அக்டோபரில் இளைய மகன் பீட்டர் பெல்ஜியப் போர்முனையில் இறந்தான். வயது 18. தானாக முன்வந்து படையில் சேர அவனுக்குத் தந்தையின் அனுமதி தேவைப்பட்டது. தயங்கிய தந்தையைச் சம்மதிக்க வைத்தவர் தாய். பின்னாளைய படைப்புகளில் துக்கத்தோடு குற்ற உணர்வும் கலந்திருப்பது இதனால்தான்.

1919இல் பிரஷ்யக் கலைக்கழகத்துக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். அதே ஆண்டு கொல்லப்பட்ட இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்டின் உடலை, குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி வரைந்தார். அதை அச்சாக்கச் செப்பில் முயன்றார், கல்லில் முயன்றார், நிறைவில்லை. எர்ன்ஸ்ட் பார்லாஹின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தபின்தான் வழி தெரிந்தது. மரத்தில் வெண்மை வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும், மிஞ்சியதே கறுப்பு. மென்சாயலுக்கு அங்கே இடம் குறைவு. ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்கு அச்சுகளின் வலிமை இந்தக் கண்டிப்பில் இருக்கிறது. அவற்றில் போர்க்களமும் இல்லை, எதிரியும் இல்லை. பறையடிக்கும் மரணத்தின் பின்னே செல்லும் இளைஞர்கள், ஒருவரையொருவர் தாங்கும் பெற்றோர், குழந்தைகளை நடுவில் வைத்துப் பின்னிக்கொண்ட தாய்மார் போன்றோரே இருக்கிறார்கள். அவருடைய படைப்புகளில் உச்சம் இதுவே எனலாம். மாறாக, 1924இல் ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்ற சுவரொட்டிக்கு, வேகமாக வரைந்து நிறைய அச்சிட ஏதுவான கல்லச்சையே எடுத்துக்கொண்டார்.

மகனுக்கான நினைவுச்சின்னத்துக்கு மட்டும் காகிதம் போதவில்லை. இறந்த மகன் படுத்திருக்க, பெற்றோர் அருகில் இருப்பதாக முதலில் திட்டமிட்டார். இடையில் கைவிட்டு, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கினார். இறுதி வடிவத்தில் மகன் இல்லை. தனித்தனியே மண்டியிட்ட தந்தையும் தாயும் மட்டுமே, கொல்விட்ஸ், அவர் கணவர் இருவரின் முகச்சாயலோடு. 1932இல் பெல்ஜியத்தின் படைவீரர் கல்லறையில் இந்தக் கற்சிலைகள் நிறுவப்பட்டன. இப்போது விலாட்ஸ்லோவில் உள்ளன.

மறு ஆண்டு ஆட்சிக்கு வந்த நாஜிகள் அவரைக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றினர். படைப்புகளைக் காட்சிக்கு வைக்கவும் நாளடைவில் வழியில்லாமல் போனது. 1942இல் பேரன் பீட்டரும் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். பெர்லின் வீடு 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடியச் சில வாரங்கள் இருக்கையில், 1945 ஏப்ரல் 22 அன்று மோரிட்ஸ்பர்கில் காலமானார்.

இறந்த மகனை மடியில் தாங்கிய தாயின் சிறு சிற்பமொன்றை 1930களின் இறுதியில் செய்திருந்தார். 1993இல் அதைப் பலமடங்கு பெரிதாக்கி, போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோரின் நினைவிடமாகப் பெர்லினின் நொய வாஹே மண்டபத்தில் ஜெர்மானிய அரசு வைத்தது. கிறித்தவ மரபின் உருவம் கொல்லப்பட்ட யூதர்களுக்குப் பொருந்துமா என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. அளவு குறித்த ஆட்சேபமும் நியாயமானதே: கைக்கெட்டும் உயரத்துக்கென வடித்த உருவத்தை அரசு விழாக்களுக்கேற்ற அளவுக்கு ஊதிப் பெருக்கியது கொல்விட்ஸின் முடிவல்ல.