கூட்டுச் சொத்தும் பாகஸ்தர் பாத்தியதையும்

ஒரே நிலத்துக்குப் பலர் சொந்தக்காரராயிருப்பது நம் கிராமங்களில் சாதாரணம். ஆயினும் கூட்டுரிமை யாவும் ஒரே தன்மையுடையனவல்ல. அது ஏற்பட்ட விதத்தைப் பொறுத்தே கடன், விக்கிரயம், வாரிசு ஆகியவற்றின் பலன் மாறும். நிலத்தை ஈடுகாட்டிச் சங்கத்தில் கடன் பெறும் அங்கத்தினரும், அவர்களுக்கு ஜாமீன் நிற்போரும் இவ்வேற்றுமையை அறிந்திருத்தல் அவசியம்.

1. பிதிரார்ஜித சொத்து.— மிதாக்ஷர முறைப்படி இதில் பிறப்பினாலேயே பாத்தியதை உண்டு. முற்காலத்தில் ஒரு பங்காளி இறந்தால் அவர் பாகம் மிஞ்சிய ஆண் பங்காளிகளைச் சேர்ந்தது. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் இவ்விதியைக் குறுக்கிற்று. 2005-ம் வருஷத்துத் திருத்தம் அறவே நீக்கி, மகளையும் மகனுக்குச் சமமான பங்காளியாக்கிற்று. அத்திருத்தத்துக்கு முன்னரே தந்தை காலமாகியிருப்பினும் மகளுக்கு இவ்வுரிமை உண்டென்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன் நடந்த விக்கிரயமும், ரிஜிஸ்தரான பாகப்பிரிவினையும் பாதிக்கப்படா.

குடும்ப அவசியத்துக்காகக் கர்த்தா வாங்கிய கடன் எல்லோர் பாகத்தையும் கட்டுப்படுத்தும். அந்த அவசியத்தை ருசுப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சார்ந்தது. ருசு இல்லையேல், சகோதரர் மாத்திரம் கையொப்பமிட்ட ஈட்டுப்பத்திரம் சகோதரியின் பாகத்தைக் கட்டுப்படுத்தாது.

2. பணம் சேர்த்து வாங்கிய சொத்து.— 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், அவரவர் செலுத்திய தொகையின் விகிதமே பங்காகும். இருவர் முறையே 40,000 ரூபாயும் 20,000 ரூபாயும் போட்டு நிலம் வாங்கினால், முன்னவருக்கு மூன்றில் இரண்டு பாகம். எவர் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு ருசு இல்லையானால் இருவரும் சமபாகஸ்தராகக் கருதப்படுவர். அதிகம் கொடுத்தவர் நஷ்டமடைவார். ஒருவர் இறந்தால் அவர் பாகம் அவருடைய வாரிசுகளைச் சேருமேயன்றிக் கூட்டாளியைச் சேராது.

3. பிரியாத பாகத்தை மாற்றுதல்.— பாகஸ்தர் தம் பாகத்தை விற்றால், வாங்கியவர் அவர் ஸ்தானத்தில் நின்று பாகப்பிரிவினை கோரலாம். கிணற்றடி மூலை தமக்கேயென்று தாமாக வளைத்துக்கொள்ள முடியாது. பிரியாத குடும்பத்தின் வாசவீட்டில் பாகம் வாங்கிய அந்நியருக்குக் கூட்டு அனுபோகமும் கிடையாது; அவர் பிரிவினைக்கு வழக்கிட்டால், 1893-ம் வருஷத்துச் சட்டப்படி குடும்பத்தார் கோர்ட்டு மதிப்பிட்ட விலையைக் கொடுத்து அப்பாகத்தை வாங்கிக்கொள்ளலாம்.

பட்டா ஒருவர் பெயரில் இருப்பதால் மட்டும் மற்றவர் பாத்தியதை அழியாது. ஆதலின் அங்கத்தினர்கள் கிரயப்பத்திரத்தில் அவரவர் பாகத்தைத் தெளிவாக எழுதுவிப்பதும், பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தவறாது ரிஜிஸ்தர் செய்வதும், ஈட்டுப்பத்திரத்தில் பெண்மக்கள் உட்பட எல்லாப் பாகஸ்தரின் கையொப்பத்தையும் பெறுவதும் நலம்.