இடுப்பு வலியும் இயன்முறை மருத்துவமும்

கிணற்று மோட்டார் பழுதுபட்டால் அன்று மாலையே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் புறப்படுகிறோம். உழவு மாடு காலை நொண்டினால் அன்றே கால்நடை மருத்துவரைத் தேடுகிறோம். ஆனால், நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து உழைக்கும் நம் உடலில் ஒரு மூட்டு வலித்தால் மட்டும், “வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்” என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். கிராமங்களில் இவ்வாறு புறக்கணிக்கப்படும் நோவுகளுள் முதன்மையானது இடுப்பு வலி.

நாம் மருத்துவர் அல்லோம். இதை எழுதத் தூண்டியது நம் வட்டாரத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. குடிநீர்த் தொட்டிப் பணியைப் பார்வையிட ஓர் ஊருக்குச் சென்றிருந்தபோது, எழுபது வயதை எட்டிய ஒரு மூதாட்டி திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கக் கண்டோம். தெருக் குழாயடியில் பாசி வழுக்கி விழுந்தவர், எட்டு நாட்களாக எழவில்லை. “இடுப்பு பிடித்துக்கொண்டது” என்று கருதி வீட்டார் எண்ணெய் தேய்த்து நீவி வந்தனர். உடன் வந்த கிராம செவிலியர் போர்வையை விலக்கிப் பார்த்தார். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தோன்றியது; பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பு இடுப்பருகே முறிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நான்கு மாதம் கழித்து அவர் கைத்தடியுடன் நடந்தார். ஆனால், நடவு வயலுக்குத் திரும்பவில்லை. அந்தக் குழாயடியை அதற்கு முன் இருமுறை பார்வையிட்டவர்கள் நாமே. பாசியையும் கண்டோம், அதைக் குறிப்பில் எழுதினோம் அல்லோம். அக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய, அரசு மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இடுப்பு என்பது எது?

இடுப்பு என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று இடங்களைக் குறிக்கிறோம். வேட்டி கட்டும் இடத்திற்குப் பின்னால் உள்ள கீழ்முதுகு ஒன்று. பெண்கள் குடத்தையும் குழந்தையையும் தாங்கும் பக்கவாட்டுப் பகுதி மற்றொன்று. மூன்றாவது, தொடை உடலோடு சேரும் இடுப்பு மூட்டு. இம்மூட்டு பலரும் எண்ணுவதுபோல் பக்கவாட்டில் இல்லை. முன்புறம் தொடை இடுக்கில் ஆழமாக அமைந்துள்ளது. மூன்று இடங்களின் வலிக்கும் காரணங்கள் வேறு, சிகிச்சையும் வேறு. ஆகவே, “இடுப்பு வலிக்கிறது” என்று ஒருவர் சொன்னால், “ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்” என்று கேட்பதே முதல் வேலை.

மூட்டின் அமைப்பு

ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வதைப் போல, தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் சுழல்கிறது. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு பூசினாற்போல் அமைந்திருக்கிறது.

ஏற்றம் இறைத்த காலத்தை முதியோர் அறிவர். ஏற்ற மரம் நடுவே ஓரிடத்தில் தாங்கப்பெற்று, ஒருபுறம் சாலும் மறுபுறம் ஆளின் எடையும் நிற்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது நம் இடுப்பு மூட்டு அந்தத் தாங்குமிடம் ஆகிறது. உட்புறம் உடலின் எடை நீண்ட கையில் தொங்குகிறது. வெளிப்புறம் இடுப்பின் பக்கத் தசை குறுகிய கையைப் பிடித்து இழுக்கிறது. கை குறுகியதாதலின் தசை ஏறக்குறைய இருமடங்கு வலிவுடன் இழுக்க வேண்டும். எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை சுமை விழுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நின்றால், அந்த மூட்டு 150 முதல் 180 கிலோ தாங்குகிறது. நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் மூட்டுக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை குறையும். பக்கத் தசை வலுவாக இருந்தால் மூட்டு தள்ளாடாது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால் தசையின் வேலை பெரிதும் குறையும். நம்மவர் பலர் வலிக்கும் பக்கத்திலேயே தடியை ஊன்றுகின்றனர். வலக்கால் வலித்தால் தடி இடக்கையில் இருக்க வேண்டும். வலக்காலை எடுத்துவைக்கும்போதே தடியும் முன்செல்ல வேண்டும்.

வலியின் இடமும் காரணமும்

தொடை இடுக்கில் வலித்து, காலைக் குறுக்காக மடக்கி அமரவும், கால் நகம் வெட்டவும் இயலாமற்போனால், மூட்டிலேயே குறை இருக்கலாம். வயது முதிர்ந்தோர்க்குக் குருத்தெலும்பு தேய்வது ஒரு காரணம். நம் நாட்டில் முழங்கால் தேய்மானமே மிகுதி. எனினும் இடுப்பு மூட்டும் தேய்வதுண்டு. கடும் உழைப்புக்கும் இதற்கும் தொடர்புண்டு. இங்கிலாந்து நாட்டு உழவரிடையே செய்து 1992-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நீண்ட காலம் உழவுத்தொழில் செய்தோரிடம் இத்தேய்மானம் மற்றவரைவிட மிகுதியாகக் காணப்பட்டது.

முப்பது, நாற்பது வயது ஆடவர்க்கு இதே இடத்தில் வலி தோன்றினால் சற்றும் காலம் தாழ்த்தலாகாது. தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி எலும்பு உள்ளிருந்தே நலிவது ஒரு நோய். மிகுந்த குடிப்பழக்கமும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வதும் இதற்கு முக்கிய காரணங்கள். மருத்துவர் சீட்டின்றி, பெயர் தெரியாத மாத்திரைகளைப் பொட்டலமாக வாங்கி விழுங்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. உடல்வலிக்கென்று வாங்குவது எலும்பையே அழிக்கக் கூடும். தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் இந்நோய் புலப்படாமற் போகலாம், எம்.ஆர்.ஐ. படம் தேவைப்படும்.

பக்கவாட்டு எலும்பின் மேல் வலித்து, அப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமற்போனால், பெரும்பாலும் பக்கத் தசையின் நாண் நலிந்திருக்கிறது. நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி. ஒரு பக்க இடுப்பைச் சாய்த்து, அதன்மேல் குடத்தையோ குழந்தையையோ தாங்கி நெடுநேரம் நிற்பது இவ்வலியை வளர்க்கும். அவ்விடத்தை அழுத்தித் தேய்ப்பதும் நன்றன்று. வலியற்ற பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்துக்கொள்வது நலம்.

கீழ்முதுகிலும் பிட்டத்திலும் தொடங்கி முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, பெரும்பாலும் முதுகெலும்பிலிருந்து வருவது. நடவிலும் களையெடுப்பிலும் குனிந்தே நிற்போர்க்கு இது பழகிய வலி. இதற்காக வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது பயன் தராது. இயன்ற அளவு நடமாடுவதே மீள வழி.

இயன்முறை சிகிச்சை

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் என்றால் மின்கருவியால் சூடு வைப்பது மட்டுமே என்று எண்ணுவோர் உளர். அது சிறு பகுதியே. எந்தத் தசை தளர்ந்தது, எந்த மூட்டு இறுகியது என்று சோதித்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியை அளவிட்டுக் கொடுத்து, நிற்கும் முறையையும் நடக்கும் முறையையும் திருத்துவதே இதன் சாரம். எண்ணெயும் ஒத்தடமும் சற்று இதமளிக்கும். ஆனால், தசைக்கு வலுவூட்டுவது பயிற்சி ஒன்றே. மருத்துவர் பார்த்து, முறிவோ கிருமித் தொற்றோ இல்லை என்று சொன்ன பின், கீழ்க்கண்ட நான்கையும் வீட்டிலேயே செய்யலாம்.

1. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுக. பிட்டத்தை மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பின் இறக்குக.

2. திண்ணைத் தூணைப் பிடித்து நேராக நின்று, ஒரு காலை நீட்டியபடி பக்கவாட்டில் சற்றே தூக்கி இறக்குக. உடல் சாயலாகாது.

3. அதே நிலையில், முதுகை வளைக்காமல் காலைப் பின்புறமாகச் சற்றே நீட்டுக.

4. முழங்கால் உயரமுள்ள நாற்காலியில் அமர்ந்து, கை ஊன்றாமல் எழுந்து நின்று, மெல்ல மீண்டும் அமர்க. இயலாதவர் முதலில் கை ஊன்றிச் செய்யலாம்.

ஒவ்வொன்றையும் பத்து முறை, நாளுக்கு இருவேளை செய்க. பயிற்சியின்போது சிறிது நோவு தோன்றுவது இயல்பு. மறுநாள் காலையிலும் அந்நோவு மிகுந்தே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முற்றிலும் நிறுத்திவிடுதல் வேண்டா. நான்கு நாளில் பயன் தெரியவில்லையே என்று கைவிடுவோர் பலர். நட்ட நாற்று மறுவாரமே கதிர் விடுவதில்லை. தசை வலுப்பெற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

இவற்றோடு, தரையில் சம்மணமிடுவதையும் குந்தி அமர்வதையும் மூட்டு வலி உள்ளோர் குறைத்து, உயரமான இருக்கையைப் பயன்படுத்துதல் நலம். வயலில் அரைமணிக்கு ஒரு முறை நிமிர்ந்து நாலடி நடக்க வேண்டும். வலி மாத்திரையை மருத்துவர் குறித்த நாளுக்கு மேல் உட்கொண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். எல்லாம் செய்தும் பயனின்றி மூட்டு முழுதும் தேய்ந்துவிட்டால், செயற்கை மூட்டுப் பொருத்தும் முறை உண்டு. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் வெற்றியுடன் நிலைநாட்டிய அம்முறை இன்று நம் மாநிலத்திலும் நடைபெறுகிறது. அதன் பின்னும் நடக்கக் கற்பிப்பது இயன்முறை மருத்துவமே.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டியவை

முதியவர் விழுந்து எழ முடியாவிட்டால் நீவுதலோ இழுத்துக் கட்டுதலோ கூடாது. காலை அசைக்காமல் வைத்து 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருப்பதால் சிறு சறுக்கலே முறிவுக்குப் போதும். முறிந்த எலும்புக்கு இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வது மிக நன்று. நாள் கடந்தால் படுக்கைப்புண், நுரையீரல் சளி முதலியன உயிருக்கே கேடு விளைக்கும்.

காய்ச்சலுடன் வலி, இரவில் உறங்கவிடாத வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றைக் கண்டால் மூட்டுக் காசநோயா என்று சோதிக்க வேண்டும். குழந்தை திடீரென நொண்டினாலும், இடுப்பு வலியுடன் தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் அடக்க முடியாமற்போனாலும் அன்றே செல்ல வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. நடக்க இயலாதோர்க்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. தம் ஊரில் படுக்கையில் கிடப்போர், தடியின்றி நடக்க இயலாதோர் யாவர் என்று அங்கத்தினர்கள் வார்டு வாரியாகக் கணக்கெடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தால் அச்சேவை உரியவரைச் சென்றடைய வழியுண்டு.

பெருஞ்செலவில்லாத பணிகளும் உள. குழாயடியின் பாசியை வாரம் ஒருமுறை சுரண்டிக் கழுவுதல், சொரசொரப்பான தளம் இடுதல், படிகளுக்குக் கைப்பிடி, பொதுக் கழிப்பறையில் பிடித்து எழ ஒரு குழாய், இருண்ட திருப்பத்தில் ஒரு விளக்கு, நியாய விலைக் கடை வாசலில் முதியோர் அமர ஒரு பலகை — இவை யாவும் தீர்மானம் ஒன்றால் முடியக்கூடியவை.

முன்னர்க் குறிப்பிட்ட ஊரின் குழாயடியில் இப்போது தளம் புதிதாக இடப்பட்டு, இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கைப்பிடியும் நாட்டப்பட்டுள்ளது. அண்மையில் அவ்வழி சென்றபோது அந்த மூதாட்டி ஒரு கையால் அதைப் பற்றி, மறுகையில் சிறு செம்பில் நீர் பிடித்துக்கொண்டிருந்தார். “இதை முன்னாலேயே வைத்திருக்கலாமே, ஐயா” என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. இதைப் படிக்கும் அங்கத்தினர்கள் தம் ஊர்க் குழாயடியை இன்றே ஒருமுறை சென்று பார்த்து வருவார்களாக.