மோட்டாரைப் போடு!

கிணற்று மோட்டாரைத் தூரத்திலிருந்து இயக்குவது திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு ஒன்றும் புதிதல்ல. செல்போன் வழியாக மோட்டாரை ஓடவிடும் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமே கொடுத்திருக்கிறது. போனைக்கூடத் தொடாமல், வாயால் சொன்னாலே கேட்கும் சுவிட்சையும் இப்போது வீட்டு மேசையில் வைத்துச் செய்துவிடலாம்.

ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஈஎஸ்பி32 சில்லு இதற்குப் போதும். அதன் வேலை நினைவகம் வெறும் 520 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதில் கொள்ளாது.

பிறகு எப்படிப் பேச்சு புரிகிறது? புரிவதில்லை. மைக், நொடிக்கு 16,000 முறை ஒலியை அளக்கிறது. ஒரு நொடிப் பேச்சை 49 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் கனத்த ஒலி முதல் கீச்சொலி வரை 40 பட்டைகளில் எது எவ்வளவு என்று குறித்தால், 1,960 கட்டங்கள் கொண்ட ஒரு படம் கிடைக்கும். அந்தப் படம் எந்தச் சொல்லின் சாயலில் இருக்கிறது என்று கணிக்கும் சின்ன நியூரல் நெட்வொர்க் 20 கிலோபைட் அளவிலேயே முடிந்துவிடும். சில்லே கணிப்பதால் இன்டர்நெட் வேண்டாம்.

கஷ்டம் அந்த நெட்வொர்க்கைப் பழக்குவதில்தான். கூகுள் 2017-ல் இலவசமாக வெளியிட்ட 65,000 ஒலிப்பதிவுகளில் இருப்பவை 30 ஆங்கிலச் சொற்கள். தமிழுக்கு வீட்டார், அக்கம்பக்கத்தார் குரல்களை நாமே பதிய வேண்டும். அருப்புக்கோட்டை நெசவாளர் தெரு என்றால் விசைத்தறிச் சத்தத்தையும் தனியே பதிந்து, அந்தக் குரல்களோடு கலந்து பழக்குவது அவசியம். அமைதியான அறையில் மட்டும் பழகிய கருவி தறி ஓடும்போது திணறிவிடும். கட்டளையை ‘போடு’ என்று மட்டும் வைத்தால் டிவி வசனத்துக்கெல்லாம் அது விழித்துக்கொள்ளும். ‘மோட்டாரைப் போடு’ என்று நீட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

கடைசி வேலை, சில்லின் சைகைக்கு இயங்கும் சுவிட்சான ரிலே. கடையில் கிடைக்கும் சின்ன நீல ரிலேயில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை நம்பி மோட்டாரை நேரடியாக இணைக்கக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், எத்தனை முறை கத்தினாலும் மோட்டார் நிற்காது. ரிலே, பெரிய மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

தண்ணீர் வற்றிய கிணற்றில் வெறுமனே ஓடும் பம்பு சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் ‘மோட்டாரைப் போடு’ என்பதற்கு 90 சதவீத உறுதி கேட்கும்படியும், ‘நிறுத்து’ என்பதற்கு 60 சதவீதமே போதும் என்றும் நிரலில் எழுதுவது புத்திசாலித்தனம்.